ஏழும் பதினொன்றும்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அம்மாவின் சர்க்கரை இப்போது எவ்வளவில் நிற்கிறது? எனக்கு இருமல் விட்டுவிட்டது, தொண்டை மட்டும் கரகரக்கிறது.

கடிதத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். போனில் பேசக்கூடிய விஷயம் இல்லை. நீ போனை எடுத்தால் போதும், அடுத்த அறையிலிருந்து அம்மாவின் காது வந்துவிடும். அதனால்தான் உன் மூக்குக்கண்ணாடிக் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். கடையில் யாரும் இல்லாதபோது படி.

நான் மசாஜ் கருவி செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? பாதி உண்மை. நாங்கள் செய்வது பெண்கள் அந்தரங்க இன்பத்துக்காக வைத்துக்கொள்ளும் அதிர்வுக் கருவி. மூன்று வருடமாக இதை உன்னிடம் மறைத்தது எனக்கே வெட்கமாக இருக்கிறது. திட்டுவதாக இருந்தால் அடுத்த பத்தியைப் படித்துவிட்டுத் திட்டு.

எங்கள் சோதனை அறையில் ஐந்து பெண்கள். காலை பத்தரைக்குத் திரை போட்ட தடுப்புக்குள் போவார்கள். கருவியை இயக்கி, பத்து நிமிடம் வைத்துப் பார்த்து, மணி அடித்ததும் வெளியே வந்து படிவம் நிரப்புவார்கள். யாரும் பத்துக்கு மூன்றைத் தாண்டுவதில்லை. 'குத்துகிறது', 'மரத்துப்போகிறது', 'எரிச்சல்', இதேதான். எங்கள் மேலாளர் முன்பு துளைபோடும் இயந்திரக் கம்பெனியில் இருந்தவர். ஒவ்வொரு கருவியையும் தன் மூக்கு நுனியில் வைத்துப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்பார். அதனால் அவருக்கு மூக்கர் என்று பெயர். ஆகஸ்டுக்குள் ஒரு கருவியாவது ஏழு மதிப்பெண் வாங்காவிட்டால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள்.

எனக்கு வெளியாள் ஒருத்தி வேண்டும். எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்லாதவள். நாள் முழுக்க 'இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவா' என்று கேட்பவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? இரண்டு பெட்டி அனுப்புகிறேன். எண் ஏழு, பழைய மோட்டார். எண் பதினொன்று, புது மோட்டார். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், எண் ஒட்டியிருக்கிறேன்.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
வாலு

&nbsp;

ஜனவரி 30

அடியே வாலு,

முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது. அம்மாவுக்கு நூற்று எழுபது. திருட்டுத்தனமாக இனிப்பு சாப்பிடுகிறாள் என்று சந்தேகம்.

உன் பெட்டிகளை வாடிக்கையாளர் முன்னால் பிரித்தேன். நல்லவேளை, அந்த அம்மாளுக்கு மைனஸ் ஆறு, கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்திருந்தார்.

உன் வேலை விஷயத்தில் எனக்குக் கோபம் இல்லை. திருடவில்லை, பொய் சொல்லிப் பிழைக்கவில்லை. என்னிடம் மறைத்ததற்குத்தான் நேரில் வரும்போது காதைத் திருகுவேன்.

ஆனால் ஆள் மாறிக் கேட்கிறாய். பதினான்கு வருடம் அந்த ஆளோடு குடும்பம் நடத்தினேனே, அவர் எனக்கு வைத்த பெயர் உனக்குத் தெரியாது. மரக்கட்டை. முதல் வருடம் விளையாட்டாகச் சொன்னார், பிறகு கோபமாக, கடைசியில் என் பெயரே அதுதான் என்பதுபோல. "உங்கிட்ட படுக்கறதும் கதவுப் பலகை மேல படுக்கறதும் ஒண்ணு" என்பார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லையே, நான் என்ன பதில் சொல்வது? வலிக்கும், பல்லைக் கடித்துக்கொள்வேன், முடிந்துவிடும். பிரிந்து வந்து ஐந்து வருடம் ஆகிறது. அவர் சொன்னது மட்டும் பொய் என்று இதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

நாக்கில் ருசி தெரியாதவளைச் சமையல் போட்டிக்கு நடுவராக்காதே. வேறு ஆள் பார். பெட்டிகள் லென்ஸ் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கின்றன. திருப்பி அனுப்பத் தபால் நிலையம் போக நேரம் இல்லை. இந்த வாரம் கடையில் கூட்டம். ஒரு பஸ் டிரைவர் வேறு, மூக்குக்கண்ணாடியின் திருகு தளர்ந்துவிட்டது என்று நாலு தடவை வந்துவிட்டார். திருகு இறுக்கமாகத்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

&nbsp;

பிப்ரவரி 8

அக்கா,

நலம் விசாரிக்க இந்தத் தடவை பொறுமை இல்லை. தொண்டை சரியாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவில்லை? பதினான்கு வருடம்! பண்டிகைக்குப் பண்டிகை நான் வருவேன், நீ சிரித்துக்கொண்டு பரிமாறுவாய், அந்த ஆள் சப்புக்கொட்டிச் சாப்பிடுவார். சோற்றில் உப்பை அள்ளிக் கொட்டியிருப்பேன்.

நீ அந்த ஆளின் வாய்ச்சொல்லை டாக்டர் சீட்டு மாதிரி பத்திரமாக வைத்திருக்கிறாய். யாரோ சொன்ன பவரை வைத்து நீ கண்ணாடி போட்டுக் கொடுப்பாயா? நீயே சோதித்துப் பார்ப்பாய் அல்லவா? இதையும் சோதித்துவிடு. பத்து நிமிடம்தான். விதிமுறை படிவத்தின் பின்பக்கம் இருக்கிறது: இயக்கு, வை, கவனி, எழுது. பூஜ்யம் போட்டாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

உன் வாலு

&nbsp;

பிப்ரவரி 25

அன்புள்ள வாலுவுக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவுக்கு நூற்று நாற்பது.

எண் ஏழின் படிவம் இணைத்திருக்கிறேன். மதிப்பெண் இரண்டு. அந்த இரண்டும் கருவி பழுதில்லாமல் ஓடியதற்காக.

செவ்வாய்க்கிழமை காலை, பாத்திரம் கழுவி முடித்து, கடைக்குக் கிளம்பும் முன் கதவைத் தாழிட்டேன். கட்டிலில் படிவம், பேனா, கடிகாரம். விதிமுறைப்படி இயக்கினேன், வைத்தேன். முதலில் கூச்சம், உடனே எரிச்சல். பல் டாக்டர் மிஷினைக் கீழே வைத்ததுபோல் இருந்தது. மூன்றாம் நிமிடம் மரத்துப்போனது. பத்து நிமிடமும் வைத்திருந்தேன், நீ கேட்டாயே என்று. கடிகார முள் நகரவே இல்லை.

ஆகவே தெரிந்துவிட்டது. ஒருவகையில் நல்லது. ஒருவருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது, அன்றைக்கே சொல்லிவிட்டேன். இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே.
அக்கா

&nbsp;

மார்ச் 6

அன்புள்ள அக்கா,

யாருக்கு என்ன பதில் சொன்னாய்? அந்த வரியை எழுதிவிட்டு உடனே குளிருக்குத் தாவிவிட்டாய். நான் பச்சைக் குழந்தையா? திருகு தளராத கண்ணாடிக்காரருக்கா?

எண் ஏழு யாருக்குமே பிடிக்காத கருவி. எங்கள் ஐந்து பேரும் அதற்கு இரண்டும் மூன்றும்தான் போட்டார்கள், அவர்கள் எல்லாம் மரக்கட்டையா? எண் பதினொன்றைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதாதே. நாள் கெடு வைக்கவில்லை. உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது.

அம்மாவிடம், வாரம் ஒருமுறையாவது போனை எனக்காக எடுக்கச் சொல்.
வாலு

&nbsp;

ஏப்ரல் 29

அன்புள்ள வாலு,

நலம். முதுகுவலி இல்லை. அம்மா பத்து நாள் பெரியம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பிவிட்டாள். இங்கே நல்ல மழை.

எண் பதினொன்றின் படிவம் இணைப்பு. மதிப்பெண் ஒன்பது. பத்து போடுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை, அதைவிட நல்ல லென்ஸ் நாளைக்கு வரும்.

இரண்டு பெட்டிகளையும் திருப்பி அனுப்புகிறேன். வேறு செய்தி இல்லை.

அக்கா

&nbsp;

மே 14

அன்புள்ள, ஆருயிர் அக்கா,

நான் சுகமாக இல்லை. மண்டை வெடிக்கிறது.

உன் ஒன்பதைப் பார்த்ததும் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவிப் போய் மூக்கரிடம் காட்டினேன். அவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். புது மோட்டார்தான் விடை என்று மேலிடத்துக்கு அன்றே எழுதிவிட்டார். எல்லோருக்கும் காபி வந்தது. நான் ராணி மாதிரி நடந்தேன்.

நேற்று உன் பெட்டிகள் வந்தன. வழக்கப்படி பிரித்துப் பார்த்தேன். அக்கா, இரண்டிலும் ஒரே மோட்டார். பழையது. ஏழு. இரண்டுமே ஏழு! அன்று சாயங்காலம் தபால் வண்டி வந்துவிட்டது என்று அவசரத்தில் ஒரே தட்டிலிருந்து இரண்டை எடுத்து, ஒன்றில் ஏழு என்றும் ஒன்றில் பதினொன்று என்றும் ஒட்டியிருக்கிறேன். அறிவுகெட்டவள். அதிர்வு, வேகம், சூடு எல்லாம் அளந்து பார்த்தேன். புள்ளிக்குப் பிறகு மூன்றாவது எண்ணில்கூட வித்தியாசம் இல்லை.

ஆக நீ ஒரே கருவிக்கு பிப்ரவரியில் இரண்டும் ஏப்ரலில் ஒன்பதும் போட்டிருக்கிறாய். வேறு யாராக இருந்தாலும் அலட்சியமாக நிரப்பியது என்று குப்பையில் போடுவேன். நீ அப்படிச் செய்ய மாட்டாய். என்ன வித்தியாசம்? யாராவது கூட இருந்தார்களா? நீ சொல்வதில்தான் என் வேலை இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

முட்டாள் வாலு

&nbsp;

ஜூன் 2

அக்கா,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. நலமா? உன்னைச் சங்கடப்படுத்திவிட்டேனா? பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, திட்டியாவது ஒரு வரி போடு. மூக்கரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. மோட்டார் கொள்முதல் உத்தரவு மாத நடுவில் கையெழுத்தாகிறது. அதற்குள் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாலு

&nbsp;

ஜூன் 9

என் செல்ல வாலு,

நான் நலம். எவ்வளவு நலம் என்று இந்தக் கடிதத்தில் தெரிந்துகொள்வாய்.

உன் கடிதம் வந்த அன்று கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண்சோதனை அறையின் இருட்டில் உட்கார்ந்து அழுதேன். துக்கம் இல்லை. என்ன அழுகை என்று எனக்கே புரியச் சில நாள் ஆனது. அதனால்தான் உடனே எழுதவில்லை.

முதலில் இதைச் சொல்கிறேன். யாரும் கூட இல்லை. அந்த டிரைவர் ஜனவரியிலேயே கேட்டார், சேர்ந்து வாழலாமா என்று. மனைவி இறந்து ஏழு வருடம் ஆனவர், பேச்சில் நிதானம், என்னைப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் கண் சிரிக்கும். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் கதவுப் பலகையை எப்படி ஒரு நல்ல மனிதரின் தலையில் கட்டுவது? உன் கருவியை நான் சோதித்துப் பார்த்ததே அதற்குத்தான். ஏழுக்கு இரண்டு போட்ட அன்று மத்தியானம் அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்கவில்லை. "சரி, திருகு மட்டும் இறுக்கிக் குடுங்க" என்றார்.

ஏப்ரலில் அம்மா ஊரில் இல்லை. ஞாயிறு, அடைமழை. முந்தின நாள் அவருக்குக் கண்ணாடிக் காம்பைக் காதுக்குப் பின்னால் வளைத்துச் சரிசெய்தேன். ஆயிரம் பேருக்குச் செய்திருக்கிறேன். அன்று விரல் அந்தக் காது மடலில் பட்டதும் இரண்டு பேருமே மூச்சு விடவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெந்நீரில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு படுத்தேன். படிவம், கடிகாரம் எதுவும் இல்லை. அந்தக் காதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கழுத்தை, கையை. என் கையே என் வயிற்றில், தொடையில், மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. யாரும் கூப்பிடப் போவதில்லை, யாருக்கும் எதையும் முடித்துக் கொடுக்க வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, மழை இரண்டு தடவை விட்டுப் பெய்தது. உடம்பு கதகதவென்று ஆகி, அந்த இடம் பூரித்து, ஈரமாகி, நாடி அங்கே அடித்தது. இது என் உடம்பா என்று எனக்கே சந்தேகம். அப்புறம்தான் பெட்டி ஞாபகம் வந்தது.

வாலு, அதே அதிர்வு. பிப்ரவரியில் பல் டாக்டர் மிஷின். இப்போது ஒவ்வொரு அலையும் உள்ளே போய் இன்னொன்றைக் கூட்டி வந்தது. குத்தவில்லை, கூசவில்லை, இன்னும் இன்னும் என்று இருந்தது. கடைசியில் தலையணையைக் கடித்துக்கொண்டேன், இந்தத் தடவை வலியினால் இல்லை. நாற்பத்தாறு வயதில் முதல் தடவை. முடிந்ததும் உரக்கச் சிரித்தேன்.

ஆனாலும் மனதுக்குள் ஒரு மூலையில், இது பதினொன்றின் சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். புது மோட்டார், அதிசய மோட்டார். மரக்கட்டையைக்கூட ஆடவைக்கிறது என்று. உன் கடிதம் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. இரண்டும் ஏழு என்றால், மாறியது மோட்டார் இல்லையே. நான்தானே! அதற்குத்தான் அழுதேன்.

என் தொழிலை நானே மறந்திருக்கிறேன் பார். வெயிலிலிருந்து நேராக வந்தவரை நாங்கள் உடனே இருட்டறையில் சோதிக்க மாட்டோம். கால் மணி நேரம் உட்காரவைப்போம். கண் பழகாதபோது எழுத்து தெரியவில்லை என்றால் கண் குருடு என்று அர்த்தமா? உன் கம்பெனி ஐந்து பெண்களை வெயிலிலிருந்து இழுத்து வந்து, மணி அடித்து, 'தெரிகிறதா' என்று கேட்கிறது. அந்த ஆளும் பதினான்கு வருடம் அதையேதான் செய்தார்.

இதை உன் மூக்கரிடம் அப்படியே சொல். என் பெயரைச் சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை.

வயிறு நிறையச் சாப்பிடு.
அக்கா

&nbsp;

ஜூலை 20

வெற்றித் திருமகள் அக்காவுக்கு,

சுகம், சுகம், சுகம். மூன்று தடவை எழுதினாலும் போதவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே மூக்கரிடம் போய், ஸ்டிக்கர் மாற்றி ஒட்டியது நான், இரண்டும் ஏழு என்று சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். காது மடலை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அதே கருவிக்கு அதே ஆள் எப்படி இரண்டு விதமாக மதிப்பெண் போடுவார், மூக்குக்கு எப்போது வைத்தாலும் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்றார்.

நான் சொன்னேன்: "சார், மூக்குக்கு ஆசை வராது."

கம்பெனிக்கு ஆலோசனை சொல்ல அன்று வந்திருந்த மகப்பேறு டாக்டரம்மா சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தார். பிறகு அவரே விளக்கினார். ஆசை எழும்போது அங்கே ரத்தம் பாய்கிறது, தசை பூரிக்கிறது, ஈரம் சுரக்கிறது, வலியைத் தாங்கும் எல்லையும் உயர்கிறது. அதற்கு முன்னால் வைத்தால் உறுத்துவது, அதற்குப் பின்னால் வைத்தால் இனிப்பது. அதற்கு எத்தனை நிமிடம் என்று யாரும் கெடு வைக்க முடியாது, ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். இதைக் கேட்டு மூக்கர் குறிப்பு எடுத்தார்!

மணியைக் கழற்றிவிட்டோம். ஐந்து பெண்களும் எண் ஏழை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஒரு தடவை பழைய விதிப்படி, ஒரு தடவை தங்களுக்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு. முதலாவதற்கு மறுபடி இரண்டு, மூன்று. இரண்டாவதற்கு ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது. ஐந்தாமவள் மட்டும் ஐந்து போட்டாள், பிள்ளைகள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். ஆக அதுவும் நீ சொன்னதற்குத்தான் சாட்சி, சராசரியும் ஏழைத் தாண்டிவிட்டது. பிரிவு மூடப்படாது. புது மோட்டார் உத்தரவு ரத்து. ஏழே வெளிவருகிறது.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தாள் போடுகிறோம், அதை நான்தான் எழுதினேன். முதல் வரி உன்னுடையது: 'கண் பழகும் முன் சோதிக்காதீர்கள்.' இரண்டு பிரதி இணைத்திருக்கிறேன். டிரைவர் என்ன ஆனார்?

உன் வாலு

&nbsp;

ஆகஸ்ட் 11

அன்புள்ள வாலு,

முதுகு, கால், தலை எல்லாம் நலம். நீ அனுப்பிய தாளைப் படித்துப் படித்து மடிப்பே கிழிந்துவிட்டது.

டிரைவர் போன வாரம் திருகுக்கு வந்தார். நான் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, பிப்ரவரியில் சொன்ன பதில் தப்பு என்றேன். அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். இதைச் சொல்ல வராதவளாகத்தான் பதினான்கு வருடம் கிடந்தேன்.

"எனக்கு அவசரப்பட்டா ஒண்ணும் ஆகாது. நிதானம் வேணும். எவ்வளவு நேரம்னு எனக்கே தெரியாது. வேண்டாம்னா அன்னைக்கு வேண்டாம். அதுக்கு நீங்க மூஞ்சியத் தூக்கக் கூடாது. முடியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்தஞ்சு வருஷமா நேரத்துக்குப் போய்ச் சேரணும்னே ஓட்டிட்டிருக்கேன். எங்கயாவது நிதானமாப் போகணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு" என்றார். காது சிவந்திருந்தது. எனக்கும்.

இனி மிச்சமிருந்தது அம்மா. எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்க, வேலையை அவளே சுலபமாக்கிவிட்டாள். அவளுக்குப் புதுப் படிக்கும் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அதைச் சோதித்துப் பார்க்கக் கைக்குக் கிடைத்த தாளை என் பையிலிருந்து எடுத்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வந்தால், ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு உன் தாளை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தாள். கண்ணாடியைக் கழற்றவில்லை.

எழுதினது யார் என்று கேட்டாள். வாலு என்றேன். மசாஜ் மிஷின் என்று சொன்னது இதுதானா என்றாள். ஆமாம் என்றேன். தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஐம்பது வருஷமா எம்மேலதான் தப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்டி" என்றாள்.

நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் தலையில் கை வைத்தாள். அப்பாவைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை, அழவும் இல்லை. அப்புறம் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை அந்த டிரைவரைச் சாப்பிட வரச் சொல் என்றாள். எந்த டிரைவர் என்று நான் கேட்டதற்கு, ராத்திரி நான் போனில் பேசுவது கேட்கிறது, சுவர் அவ்வளவு தடிமன் இல்லை என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். உன்னிடம் அப்படியே எழுதச் சொன்னாள்: "சின்னவ நல்ல வேலைதான் பாக்கறா. எனக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லு."

பெட்டியை வீட்டு முகவரிக்கே அனுப்பு.

அக்கா